துறைமுகத்து மரத்தின் அந்திக் கூச்சல்

அந்தக் காலத்தில், பறவைகளும் வாய் திறந்து பேசியபோது, கப்பலேறிப் பிழைக்கப் போனது மனிதர்கள் மட்டுமா? மூட்டை முடிச்சுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு மைனாவும் போனது, குருவியும் போனது. பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியவை எல்லாம் கரையோரத் தூங்குமூஞ்சி மரம் ஒன்றில் குடியேறின. மரம் ஒன்றுதான், கிளைக்குக் கிளை வேறு ஊர், வேறு பாஷை. சீனத்துக் குருவிகளுக்கு ஒரு கிளை, ஜாவாப் புறாக்களுக்கு ஒரு கிளை. கடைசியாக வந்த நாகப்பட்டினத்து மைனாக்களுக்குக் காற்றடிக்கும் கிளை. எந்த ஊரில்தான் அப்படியில்லை, சொல்லுங்கள்.

மரத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பொழுது சாய்ந்தால் யாரும் மூச்சு விடக்கூடாது. எதிர் மணிக்கூண்டில் ஓர் ஆந்தை இருந்தது. எந்தக் கிளையில் சத்தம் கேட்கிறதோ, அங்கே வந்து ஒருவரைத் தூக்கிப் போய்விடும்.

அஞ்சலை என்ற மைனாவும் அவள் புருஷன் காத்தமுத்துவும் அப்போதுதான் வந்திறங்கியிருந்தார்கள். பயணக் களைப்பில் அவள் தூங்கிக்கொண்டிருந்த மத்தியானம், காத்தமுத்து இரை தேடிக் கிளம்பினான். பக்கத்துக் கிளையில் ஆ மோய் என்ற சீனத்துக் குருவி, அவளுக்கு மைனா பாஷை ஓரளவு பேச வரும். அவளிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

பொழுது சாய்ந்தது. கப்பல் புகை கரையை மூடியது. காத்தமுத்து வரவில்லை. ஊருக்குப் புதியவன், இந்தப் புகையில் மரத்தை எங்கே தேடுவான்? இருட்டிவிட்டால் ஆந்தை விடுமா? அஞ்சலை, அதுவரை யாரும் செய்யாத காரியமாக, குருவிகளின் கிளைக்குத் தாவினாள்.

“அக்கா, எங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேனே,” என்றாள் ஆ மோய். “மத்தியானமே ‘வர்றேன்’னு சொன்னாரே. வந்துட்டார்னுதானே நினைச்சேன்.”

அஞ்சலைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “எங்க ஊர்ல போறவங்கதான் வர்றேன்னு சொல்லுவாங்கக்கா.”

“போறதுக்கு எதுக்கு வர்றேன்னு சொல்லணும்?”

“திரும்பி வரணும்ல, அதுக்குத்தான்.”

ஆ மோய் கடல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, “சத்தமா கூப்பிடு,” என்றாள்.

“ஆந்தை?”

“எல்லாரும் கூப்பிட்டா அது யாரைன்னு பிடிக்கும்?”

அஞ்சலை தொண்டை கிழியக் கத்தினாள். ஆ மோயும் கத்தினாள். காத்தமுத்து என்ற பெயர் பாவம் அவள் வாயில் நுழையவில்லை, வாய்க்கு வந்ததைக் கத்தினாள். குருவிகள் சேர்ந்துகொண்டன, புறாக்களும் சேர்ந்துகொண்டன. எந்தக் கிளைக்குப் போவதென்று தெரியாமல் ஆந்தை திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது.

தூரத்துச் சரக்குக் கிட்டங்கிக் கூரையில் ஒடுங்கியிருந்த காத்தமுத்துவுக்கு அந்த இரைச்சல் கேட்டது. சத்தம் வந்த திக்கில் பறந்து, உடம்பெல்லாம் கரியாக மரத்தில் வந்து விழுந்தான். அஞ்சலை அவனைத் திட்டித் தீர்த்தாள், திட்டிக்கொண்டே அழுதாள்.

மரம் அடங்கியது. ஆ மோய் மட்டும் கடல் பக்கம் திரும்பி இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.

“அவர்தான் வந்துட்டாரேக்கா. யாரைக் கூப்பிடுறீங்க?”

“எங்க வீட்டுக்காரரை. அவர் போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”

அஞ்சலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கத்தினாள். மரம் மொத்தமும் மறுபடி கத்தியது.

அன்று முதல்தான் துறைமுகத்து மரங்களில் அந்தியானால் அத்தனை கூச்சல்: தன் கிளை நிறைந்தபின்னும், பக்கத்துக் கிளைக்கு இன்னும் வந்து சேராத ஆளை எல்லாரும் சேர்ந்து கூப்பிடுகிறார்கள்.