உலையைக் கேட்ட வெள்ளிக்காசு

உலோகங்களுக்கு வாய் இருந்த காலம் அது. இரும்பு முணுமுணுக்கும். செம்பு சளசளக்கும். தங்கம் யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்லும்.

அந்தக் காலத்தில் சங்குமுனை என்ற துறைமுக ஊரை எயினி என்ற அரசி ஆண்டுவந்தாள். அவளுடைய பொக்கிஷ அறையில் ஒரு பெட்டி நிறைய வெள்ளிக்காசுகள் இருந்தன. எல்லாம் ஒரே அச்சில் பிறந்த அக்கா தங்கைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு கப்பல். அந்த ஊரை உண்டாக்கியவர்கள் வந்து இறங்கிய கப்பல் அது.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கப்பல்கள் கிளம்பும் பருவத்துக்கு முன்னால், ஆண்டுதோறும் காசுகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் பரப்பி, வெயிலில் எல்லாருக்கும் காட்டுவார்கள். பார்ப்பவர் கண் கூச வேண்டும். கூசாத காசு உலைக்குப் போகும். பொக்கிஷக்காரர் ஆதன் இதில் ரொம்பக் கண்டிப்பு.

காசுகளுக்கும் தேய்ப்பு பிடித்திருந்தது. குளித்து முடித்த பிள்ளைகள் போல ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்துக்கொள்ளும்.

கடைசியாகப் பிறந்து, ஓரிரு தேய்ப்பே கண்டிருந்த கடைக்குட்டிக் காசு மட்டும் அதிகம் பேசாது. பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் பார்த்தபோது பெரிய அக்காவின் கப்பலில் கயிறுகளைக் காணோம். அடுத்த வருடம் பாயையும் காணோம்.

"அக்கா, உன் கப்பல் கட்டுமரம் ஆகிவிட்டது" என்றது மெதுவாக.

"போடி, பொறாமைக்காரி! என்னைப் பார்த்து ஆதனே கண்ணைச் சுருக்கினார், தெரியுமா?"

கடைக்குட்டி அடுத்த தேய்ப்புக்கு ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும், பெட்டிக்குள் அடியில் விரித்திருந்த துணியின் மடிப்புக்குள் நழுவிப் படுத்துக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. அதற்கடுத்த வருடமும் அப்படியே. பெட்டியின் இடுக்கு வழியாகக் கடற்காற்று உள்ளே வரும். துணியின் வாசனையோடு கலந்து அதன் முகத்தைத் தொட்டுவிட்டுப் போகும். வருடங்கள் போகப்போக அதன் உடம்பில் முதலில் தேன் நிறம் ஏறியது. பிறகு பழுத்த மாதுளையின் சிவப்பு. விளிம்பில் மயில் கழுத்து நீலம்.

ஒரு நாள் மடிப்பிலிருந்து எட்டிப் பார்த்தபோது அக்காமார்கள் அலறினார்கள்.

"ஐயோ, இவளுக்கு என்ன நோய்?"

"அடுப்படியில் வளர்ந்தாயாடி?"

பக்கத்துப் பெட்டியில் இருந்த தங்கக்காசை அவர்கள் கேட்டபோது அது பெருமூச்சு விட்டது. "நான் பிறந்த அன்று எப்படி இருந்தேனோ, அப்படியே இருக்கிறேன். உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை."

"உனக்கு எதுவுமே நடக்கவில்லை. எனக்கு நடந்திருக்கிறது" என்றது கடைக்குட்டி.

அந்த ஆண்டு வீசிய புயலில் அரசியின் பெரிய கப்பல் மூழ்கிப்போனது. முன்னோர் வந்த கப்பலைப் போலவே புதிதாக ஒன்று கட்ட எயினி விரும்பினாள். அது எப்படி இருந்தது என்பதில் தச்சர்களுக்குள் ஒரே சண்டை. "எதற்கு இந்தச் சண்டை? காசில்தான் இருக்கிறதே! நானே வந்து பார்க்கிறேன்" என்றாள் அரசி.

ஆதனுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாக் காசுகளையும் முற்றத்துக்கு எடுத்துவந்து தேய்க்கச் சொன்னார். துணியை உதறினார். கடைக்குட்டி 'ணங்' என்று தரையில் விழுந்தது.

"என்ன கோலம் இது! எடு புளியை!"

"வேண்டாம், ஐயா. என்னைத் தேய்க்காதீர்கள்."

"தேய்க்காவிட்டால் உலை. சட்டம் தெரியுமல்லவா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? புளியா, உலையா, சீக்கிரம் சொல்."

அக்காமார்கள் கத்தினார்கள். "அடி பைத்தியமே! கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். புளிக்கு வந்துவிடு!"

கடைக்குட்டிக்குப் பயமாகத்தான் இருந்தது. முற்றத்து மூலையில் உலை செக்கச்செவேல் என்று எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அது நிமிர்ந்து சொன்னது:

"உலையிலேயே போடுங்கள். என் முகத்தோடு போகிறேன். முகத்தைக் கொடுத்துவிட்டு மினுக்க எனக்கு வராது."

ஆதனுக்குக் கோபம் வந்துவிட்டது. இடுக்கியால் அதைத் தூக்கி உலைக்காரரிடம் நீட்டினார்.

அதே நேரத்தில் அரசியும் தலைமைத் தச்சர் சாத்தனும் முற்றத்துக்குள் வந்தார்கள். வெள்ளைத் துணியில் காசுகள் தகதகத்தன. சாத்தன் குனிந்து ஒன்றை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது கப்பலா, வெள்ளரிப்பிஞ்சா?"

எயினி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் வழவழவென்று இருந்தன. அவள் முகம் வாடிப்போனது. அப்போதுதான் நெருப்புக்கு மேலே நீலமாக ஏதோ மின்னுவதைக் கண்டாள்.

"அங்கே என்ன?"

"கெட்டுப்போன காசு, தாயே. புளி வேண்டாம், உலையே போதும் என்கிறது."

"கொடு இங்கே."

காசு சுட்டது. அதனால் அவள் இரண்டு விரல் நுனிகளால் அதன் விளிம்பை மட்டும் பிடித்தாள். வெளிச்சத்தில் சாய்த்தாள். நீலம் சிவப்பாகி, சிவப்பு பொன்னாக ஓடியது. அந்த நிறங்களுக்கு நடுவே, மை தொட்டு வரைந்தது போல, ஒரு கப்பல் எழுந்து நின்றது. இரண்டு பாய்மரம். முறுக்குத் தெரியும் கயிறுகள். சுக்கானில் ஒரு சின்ன ஆள் கூட.

"இதுதான்! இதேதான்!" சாத்தன் கயிறுகளை எண்ணத் தொடங்கினார்.

ஆதன் கைகளைப் பிசைந்தார். "அழுக்கைத்தான் தேய்க்கிறோம் என்று நினைத்தேன், தாயே."

"நம் கப்பலை அல்லவா தேய்த்திருக்கிறோம்!" என்றாள் எயினி. பிறகு காசைப் பார்த்து, "நீ எதைக் கேட்டாய், உலையையா?" என்றாள்.

"ஆமாம்."

"இனி உன்னைத் தேய்க்க எவருக்கும் உரிமை இல்லை. எனக்கும்தான்."

புதுக் கப்பல் கடலில் இறங்கியபோது, கடைக்குட்டி அரசியின் உள்ளங்கையில் இருந்து அதைப் பார்த்தது. தன் முகம் தண்ணீரில் மிதப்பதைக் கண்ட காசு உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அக்காமார்கள் சும்மா இருப்பார்களா? வைக்கோல் புகையில் முகத்தைக் காட்டி, ஒரே வாரத்தில் கன்னங்கரேல் என்று வந்து நின்றார்கள். அரசி கட்டைவிரலால் லேசாகத் தொட்டாள். கறுப்பு அவள் விரலோடு வந்துவிட்டது. முற்றமே சிரித்தது.

பழைய வெள்ளிக்காசு சேர்ப்பவர்கள் இன்றும் விளிம்பை மட்டுமே பிடிப்பதும், வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதும், பளபளக்கும் காசைத் தள்ளிவிட்டுத் தானாக நிறம் ஏறிய காசுக்காக ஊர் ஊராக அலைவதும் அந்த முற்றத்தில் தொடங்கியவைதான். அப்படி ஒரு காசு கிடைத்துவிட்டால் அதை அவர்கள் எப்படிக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். பெற்ற பெண்ணை மேடையில் ஏற்றியவர்கள் போல.