அடுப்புக்கு ஓர் ஆள்

முன்னொரு காலத்தில், அதாவது பெரிய இடத்து யானை நம் ஏரியில் இறங்கித் தண்ணீர் குடித்தால் அதற்கு நட்பு என்று பெயர் வைத்திருந்த காலத்தில், மணற்கோடு என்றொரு சின்னஞ்சிறு நாடு இருந்தது. எவ்வளவு சின்னது என்றால், கிழக்குக் கோடியில் ஒருத்தி மிளகாய் தாளித்தால் மேற்குக் கோடியில் தும்முவார்கள். அந்நாட்டு ராஜா கோதண்டவர்மர் நல்லவர்தான். பெரிய இடத்துச் சிநேகம் என்றால் மட்டும் கொஞ்சம் உருகிவிடுவார். யாருக்குத்தான் உருகாது?

வடக்கே பெருங்கோட்டைப் பேரரசு. கடற்கொள்ளையரை விரட்ட இரு நாட்டுப் படைகளும் சேர்ந்து பயிற்சி செய்யலாம் என்று அங்கிருந்து ஓலை வந்தது. முதல் வருஷம் பத்து யானைகள் வந்தன. பத்து நாள் இருந்துவிட்டுப் போயின. இரண்டாம் வருஷம் இருபது யானைகள், இரண்டு மாதம். மூன்றாம் வருஷம் நாற்பது யானைகள், அறுநூறு வீரர்கள், கூடவே அம்மி, ஆட்டுக்கல், நட்டு வளர்க்க முருங்கைப் போத்து. பயிற்சிக்கு வருகிறவன் முருங்கைப் போத்தோடு வருவானா என்று முதலில் கேட்டவள் தையல்நாயகி. அரண்மனை விகடன் வெண்காடனின் மனைவி. ஊரில் எது நடந்தாலும் நடப்பதற்கு முந்தின நாளே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இருந்தாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். யானைப்படை கடற்கரையில் நின்றதிலிருந்து கொள்ளையர் படகு ஒன்றுகூட ஒதுங்கவில்லை. மீனவர்கள் நிம்மதியாக வலை வீசினார்கள். ராஜா மகிழ்ந்துபோய்ச் செப்பேடு ஒன்று வெட்டுவித்தார். அதில் என்ன எழுதுவது என்று சொன்னவர் பேரரசின் தளபதி வீரகேசரி: "எங்கள் படை உங்கள் படை; உங்கள் ஏரி எங்கள் ஏரி." கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது, பாருங்கள்.

மாசி மாதம் பிறந்தபோது ஏரி பாதி வற்றிவிட்டது. பெண்கள் குடத்தை முக்கினால் சேறுதான் வந்தது. விருந்தாளியைப் போகச் சொன்னால் கொள்ளையர் வருவார்கள். இருக்கச் சொன்னால் நாடே தாகத்தில் சாகும். ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர் சேனாபதி இரணசிங்கர். பெரிய படை வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்து, தலைப்பாகை மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. வெண்காடன் மேல் அவருக்கு ஆறாத கோபம். கூட்டுப் பயிற்சியன்று, "பின்வாங்குவதை மட்டும் நம் சேனாபதி யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டார்" என்று சபை நடுவில் சொல்லிவிட்டான் அல்லவா? ராஜா வேறு சிரித்துத் தொலைத்தார்.

சேனாபதி கைகூப்பினார். "மகாராஜா, நாவினாலேயே மலையை நகர்த்துபவர் நம் வெண்காடர். இந்தப் பொறுப்பை அவரிடமே விடலாமே."

ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. "நல்லது. வெண்காடா, விருந்தினர் யானைகள் நம் நாட்டை விட்டுப் போகவும் கூடாது. நம் ஏரித் தண்ணீரில் தும்பிக்கை வைக்கவும் கூடாது. ஆடிப் புதுநீர் வரும்போது நாம் வந்து பார்ப்போம்."

"முடியாமற் போனால்?" என்றார் சேனாபதி, தேன் தடவிய குரலில்.

"போனால்... அவன் வேறு நாடு பார்த்துக்கொள்ளட்டும்" என்றுவிட்டார் ராஜா. சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் ராஜா வாயிலிருந்து விழுந்ததை யார் பொறுக்கி உள்ளே போடுவது?

வெண்காடன் வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தான்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமில்ல?" என்றாள் தையல்நாயகி. "மூட்டை கட்டணுமா, வேண்டாமா? அதையாவது சொல்லுங்க."

"இப்ப நான் ஒண்ணுமே பேசலடி. எப்பவோ பேசினதுக்கு."

"அப்படித்தான் வரும்." அவள் புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பாசறையில காலைல எத்தனை புகை எழும்புது தெரியுமா? நூத்தி ஒண்ணு."

"அதை எதுக்கு எண்ணினே?"

"கண்ணு இருக்கு, எண்ணினேன். வீரனுங்களுக்கு அறுபது. யானைக்கு நாப்பது. அவனவன் யானைக்கு அவனவன்தான் கவளம் வேகவைக்கணுமாம். அடுத்தவன் வடிச்சா அது வாயே திறக்காதாம், உங்கம்மா மாதிரி. தளபதிக்குத் தனியா ஒண்ணு. மிளகு ரசம்."

வெண்காடன் எழுந்து உட்கார்ந்தான். அன்று அவன் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான் என்று கேள்வி.

மணற்கோட்டில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனி பிறந்தால் ஏரி வேலை. அடுப்புக்கு ஓர் ஆள் வந்து மண் சுமக்க வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்து அனுப்ப முடியாது; அந்த அடுப்புச் சோற்றைத் தின்கிறவரே வர வேண்டும். ஆள் வராத வீட்டுக் குடம் ஏரியில் இறங்காது. ராஜா காலத்துக்கும் முந்திய வழக்கம் இது.

பங்குனி முதல் நாள், தண்டோராக்காரனைக் கூட்டிக்கொண்டு வெண்காடன் பாசறைக்குள் நுழைந்தான்.

"தளபதியாரே, நாளை முதல் ஏரி வேலை. தங்கள் பாசறையில் நூற்றொரு அடுப்பு. ஆகவே நூற்றொரு ஆள்."

வீரகேசரி மீசையைத் தடவினார். "நாங்கள் விருந்தினர்."

"அம்மியோடு வந்த விருந்தினர்" என்றான் வெண்காடன் பணிவாக. "உங்கள் ஏரி எங்கள் ஏரி என்று தாங்கள்தான் வெட்டச் சொன்னீர்கள். ஏரி யாருடையதோ அவர்தான் தூர் வார வேண்டும். விருப்பமில்லையென்றால் அந்த ஒரு வரியைச் சுரண்டிவிடலாம்." இடுப்பிலிருந்து உளியை எடுத்து முன்னால் வைத்தான்.

செப்பேட்டின் கீழே இருப்பது பேரரசரின் முத்திரை. அதில் உளி பட்டால் முதலில் யார் கழுத்தில் படும் என்பது வீரகேசரிக்குத் தெரியும். "சரி. அறுபது வீரர்கள் வருவார்கள். யானை அடுப்புகளுக்குப் பாகர்கள் வருவார்கள்."

"அங்கேதான் சிக்கல். பாகர்கள் சாப்பிடுவது வீரர்களின் அடுப்பில். யானை அடுப்பில் வெந்ததைத் தின்பது யானை. யானைதான் வர வேண்டும். வழக்கத்தை மீற எனக்கு அதிகாரமில்லை."

தளபதியின் கை மீசையிலிருந்து இறங்கியது. "நூற்றொன்றாவது அடுப்பு?"

"அதில் வைத்த ரசம் மிகவும் மணக்கிறது. குடிப்பது தாங்கள் ஒருவர்தானாமே."

வீரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷமாக இந்த நாட்டில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் கும்பிட்டார்களே தவிர, ஒரு வேலைக்கு வாருங்கள் என்று யாரும் கூப்பிட்டதில்லை. வீரகேசரி எழுந்து மேலங்கியைக் கழற்றினார். "கூடை யார் தருவார்கள்?"

ஊர்க்காரர்கள் ஊர் ஏரியில் இறங்கினார்கள். பாசறைக்காரர்களை வெண்காடன் குன்றுக்குப் பின்னால் அழைத்துப்போனான். அங்கே மூன்று தலைமுறையாகத் தூர்ந்து கிடந்தது பழைய ஏரி. மனிதர்கள் அதைத் தோண்டுவதென்றால் பேரன் காலம் ஆகும் என்று விட்டுவைத்திருந்தார்கள். நாற்பது யானைகளுக்கு அது விளையாட்டு. கட்டையைக் கட்டி இழுத்தால் ஒரு வீட்டளவு மண் கூடவே வந்தது.

சேனாபதி அரண்மனைக்கு ஓடினார். "மகாராஜா, பேரரசின் தளபதி தலையில் மண்கூடை. இனிப் போர்தான்."

ராஜா பதறிப் பல்லக்கில் ஏறி வந்து பார்த்தால், முழங்கால் சேற்றில் நின்று தளபதி நீர்க்காவலன் பொன்னையனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏழு கோட்டை கட்டியவன் நான். கரைச் சரிவை எனக்கா சொல்லித்தருகிறாய்?"

"கட்டியிருப்பீங்க சாமி. அந்தக் கோட்டைக்குள்ள தண்ணி நிக்குமா?"

தளபதி யோசித்தார். பிறகு பொன்னையன் சொன்ன சரிவிலேயே மண்ணைக் கொட்டினார். ராஜா பல்லக்கைத் திருப்பச் சொன்னார்.

சேனாபதி வீட்டிலிருந்து மட்டும் ஆள் வரவில்லை. இரண்டு நாள் அவர் வீட்டுக் குடம் காய்ந்தது. மூன்றாம் நாள் அவரே வந்தார். வளர்ந்திருந்த தலைப்பாகை நல்ல சும்மாடாக உதவியது.

ஆனியில் வேலை முடிந்தது. ஆடியில் குன்றிலிருந்து செந்நிறப் புதுநீர் இறங்கி இரண்டு ஏரியும் தளும்பின. ராஜா சபையோடு வந்து கரையில் நின்றார். பாகர்கள் யானைகளை அவிழ்த்துவிட்டார்கள். வெண்காடனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். யானைக்கு வழக்கம் தெரியும், ராஜா போட்ட நிபந்தனை தெரியுமா? வீட்டில் தையல்நாயகி பாதி மூட்டை கட்டித்தான் வைத்திருந்தாள்.

முதல் யானை ஊர் ஏரிக்கு அருகில் வந்து நின்றது. காதை ஒருமுறை ஆட்டியது. பிறகு குன்றைச் சுற்றி நடந்தது. மற்ற முப்பத்தொன்பதும் பின்னாலேயே போயின. நான்கு மாதம் தாங்கள் புரண்டு தோண்டிய ஏரியில் இறங்கி ஒன்றன் மேல் ஒன்று தண்ணீரைப் பீய்ச்சின.

"போகவும் இல்லை, நம் ஏரியில் தும்பிக்கை வைக்கவும் இல்லை" என்றான் வெண்காடன், மூச்சை விட்டு.

"இனி அடுத்த பங்குனிக்கும் வருவோம்" என்றார் வீரகேசரி. "கரைக்கு மேற்கே இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும். பொன்னையனும் ஒத்துக்கொண்டார்."

"வேண்டியதைக் கேள், வெண்காடா" என்றார் ராஜா.

"மகாராஜா, இன்னும் ஓர் அடுப்பு பாக்கி. நாட்டிலேயே பெரிய அடுப்பு. அதற்காகக் கரையில் ஒரு கூடை மண்ணுக்கு இடம் விட்டுவைத்திருக்கிறோம்."

ராஜா விகடனைப் பார்த்தார், கரையில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார், பாருங்கள், வயிறு குலுங்கி, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். சேறு படக் கூடாதென்று கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கையில் கொடுத்து, பட்டு வேட்டியை வரிந்து கட்டினார். தளபதி கூடையைத் தூக்கிவிட்டார். ராஜா மண்ணைக் கொட்டி மிதித்தார். மாலையை நீட்டிய வெண்காடனிடம், "உன்னிடமே இருக்கட்டும். என் கழுத்தில் கிடந்தால் அடுத்த வருஷமும் கழற்ற வேண்டும்" என்றார்.

வெண்காடன் மாலையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் மிதந்து வந்தான். தையல்நாயகி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க தண்டோராவோட சுத்தினீங்களே, நம்ம அடுப்புக்கு நாலு மாசமா மண்ணு சுமந்தது யாரு?" என்று கேட்டுக் கையை நீட்டினாள்.

அடுத்த பங்குனியில் முத்துமாலையோடு கரையில் நின்று கூடைகளை எண்ணியது யார், முதல் கூடையைச் சுமந்து மூச்சு வாங்கியது யார் என்று மணற்கோட்டில் எந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாலும் சொல்வார்கள். அந்த நாற்பது யானைகளைக் கேட்டால்கூடச் சொல்லும்.