ஒரே வீட்டுக் காய்ச்சல்

“ஒரே வீடு, ஒரே காய்ச்சல். அக்காவுக்கு ஒண்ணும் இல்லை. தம்பியோட இதயம் மட்டும் ஏன் மேடம் வீங்கணும்?”

கேட்டவர் டாக்டர் நெல்சன். சொந்த ஊரில் பல வருஷம் கிளினிக் நடத்திவிட்டு, இதய நோய் படிக்க மறுபடி மாணவராக வந்தவர். ஆசிரியை தில்லைவாணி அவரைவிட வயதில் இளையவர்.

வார்டில் படுத்திருந்தவன் இசக்கிராஜ். காய்ச்சல் விட்டபின் நெஞ்சு வலிக்கிறது என்று வந்தவன். இதயத் தசை அழற்சியில் வீங்கி, ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. அவனுடைய அக்கா சுயம்பு அதே காய்ச்சலிலிருந்து எழுந்து, ஆஸ்பத்திரி வாசலில் செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

தில்லைவாணி அவனுடைய இதய ஸ்கேனான எக்கோ படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவன் ஆம்பளை. அவ பொம்பளை. அங்கேருந்து யோசிங்க.”

நெல்சன் நூலகத்துக்குப் போனார். மறுநாள் காலை, கண்டுபிடித்ததை வாசலில் நின்ற சுயம்புவிடமும் சொல்லிவிட்டு, முகமெல்லாம் மலர்ச்சியோடு வந்தார்.

“கிடைச்சிடுச்சு மேடம். கிருமி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அதை எதிர்க்கப் போற அணுக்கள்தான் வேற மாதிரி நடந்துக்குது. ஆண் ஹார்மோன் அதுகளைக் கிளப்பி விடுது. கிருமி போன பிறகும் சண்டை நிக்காம இதயத்தையே அடிக்குது. பெண் ஹார்மோன் அடக்கி வைக்குது. அதனால பொம்பளைங்களுக்கு இது அவ்வளவா வர்றதில்லை.”

“எந்தப் பொம்பளைங்களுக்கு?”

நெல்சன் நூலகத்தில் எடுத்த குறிப்பைப் புரட்டினார்.

“அந்த வீட்ல வேற யார் இருக்காங்க?”

அதை அவர் விசாரித்திருக்கவில்லை.

“கேட்டுட்டு வாங்க.”

இசக்கிராஜின் தலைமாட்டில் ஒரு பெண் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவனுடைய அம்மா, பேச்சித்தாய்.

“ஏம்மா, உங்களுக்கும் காய்ச்சல் வந்துச்சா?”

“வந்துச்சு ஐயா. நானும் படுத்துட்டா... இவனை யாரு பாக்க?”

அந்த இரண்டு வாக்கியத்துக்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“எப்போலேருந்து இப்படி?”

“மாடி ஏறி எறங்குதேம்லா. வயசாயிட்டு.”

நெல்சன் குனிந்து அவள் கணுக்காலில் விரலை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது; காலில் நீர் கோத்திருந்தது.

கஞ்சித் தம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். மெதுவாகக் கேட்டார்.

“மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சும்மா?”

பேச்சித்தாய் மகன் தூங்குகிறானா என்று பார்த்துக்கொண்டாள்.

“இவன் பள்ளிக்கூடம் முடிக்கையிலயே நின்னுட்டு. அதை எதுக்குய்யா இப்பக் கேக்கீக?”

நெல்சன் ஓடிப்போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

எக்கோ அறைக்குத் தில்லைவாணியும் வந்தார். மகனுடையதைவிட அம்மாவின் இதயம் தளர்ந்திருந்தது. அடக்கி வைக்கும் ஹார்மோன் மாதவிலக்கு நின்றதோடு குறைந்துவிட்டிருந்தது.

“இன்னும் காலம் கடந்துடலை,” என்றார் தில்லைவாணி. அவ்வளவுதான். மருந்துகளைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

சுயம்பு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அம்மைக்குமா? காலையிலதான சொன்னீக, பொம்பளைக்கு இது வராதுன்னு? அப்போ எனக்கு? எனக்கு வராதுல்லா டாக்டர்?”

நெல்சன் திரும்பிப் பார்த்தார். ஆசிரியை போய்விட்டிருந்தார். எதிரே சுயம்பு மட்டும் நின்றாள்.

ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

“மூச்சை நல்லா இழுங்க.”