சொத்தைக் கத்தரிக்காய்

"கத்தி பட்டா பரவிடுமா, சாமி?"

செண்பகவடிவு கல்லாஞ்சாமியிடம் கேட்டாள்.

தமக்கு முந்நூறு வயது என்பார் சாமி. தாடி நாற்பதுக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை அவர் தும்மியதில், மலைமேல் நின்ற மேகம் இரண்டு மாவட்டம் தள்ளிப்போய்ப் பெய்தது. நானே பார்த்தேன்.

வடிவு அவருடைய சிஷ்யை. பௌர்ணமிதோறும் மடத்து அன்னதானத்துக்குச் சமைப்பவள். அன்றும் கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் கத்தியோடு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்றார் சாமி.

"மார்புல கேன்சர். படம் எடுத்ததுல தெரிஞ்சுதாம். இன்னும் பால் குழாய்க்குள்ளேயேதான் கெடக்கு, சுவரைத் தாண்டலைன்னாங்க. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு, கதிர்வீச்சு கரண்ட் வைக்கணுமாம். தாண்டவிட்டுட்டு வந்தா வேற கதைன்னாங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரியில வந்து படுக்கச் சொல்லியிருக்காங்க."

கூட வந்த கொழுந்தன் தவசி குறுக்கிட்டான்.

"சும்மா கெடக்கிறதை எதுக்கு சாமி கிளறணும்? கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவும். எங்க தெருவே சொல்லுது. வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா மதினி கேட்டுக்கிடும்."

சாமி யோசித்தார்.

"தவசி சொல்றது சரி. கத்தியைக் கீழே வை, வடிவு."

வைத்தாள்.

சாமி கூடையிலிருந்து ஒரு காயை எடுத்தார். பக்கவாட்டில் பொட்டாக ஓர் ஓட்டை.

"உள்ளே புழு இருக்கு. ஆனா இன்னும் வெளியே வரலை. வெட்டினா பரவும். முழுசாவே குழம்புல போட்டுருவோம்."

கொதிக்கிற குழம்புக்கு நேரே கையை நீட்டினார்.

வடிவு அந்தக் கையைப் பிடித்தாள்.

முந்நூறு வருஷத்தில் யாரும் அந்தக் கையைத் தடுத்ததில்லை. பின்னாலிருந்த மலை பயந்துபோய் அரை முழம் நகர்ந்துகொண்டது. இன்றும் அங்கேதான் நிற்கிறது, போய் அளந்து பாருங்கள்.

"ஊரே சாப்பிடுற குழம்பு, சாமி. வெளையாடாதீங்க."

காயைப் பிடுங்கினாள். கத்தியை எடுத்தாள். புழு தின்ற இடத்தை, சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்தே சீவி எறிந்தாள். மிச்சத்தை நறுக்கிக் குழம்பில் போட்டாள்.

"மதினி, சாமிதான் வேண்டாம்னு..."

சாமி அவனைக் கையமர்த்தினார்.

"யாரைக் கேட்டு வெட்டினே, வடிவு?"

"இதுக்கு யாரைக் கேக்கணும்?"

சொன்னவள் அப்படியே நின்றாள். கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

பிறகு அதைக் கழுவித் தவசியிடம் கொடுத்தாள்.

"மிச்சக் காயை நீ நறுக்கு. சொத்தையைப் பாத்து எடு."

கரண்டியைச் சாமியிடம் நீட்டினாள்.

"அடிப்பிடிக்காம கிண்டுங்க, சாமி. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."