மன்னர் இலையும் கோழி இலையும்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னர் முட்டையின் மேல் உட்கார்ந்தார். உட்கார வைத்த புண்ணியவான் நான்தான்.

நான் வெண்காடன், அந்த அரசவையின் விகடகவி. அன்று மன்னரைச் சிரிக்க வைப்பதற்காக, என் மனைவி அங்காயியின் செல்லக் கோழி பொட்டுக்காரியை அவளைக் கேட்காமலே மேலாடைக்குள் மறைத்துச் சபைக்குக் கொண்டுபோயிருந்தேன். சரியான நேரத்தில் எடுத்துக் காட்டுவது என் திட்டம். பொட்டுக்காரிக்கு வேறு திட்டம் இருந்தது. மன்னர் வருவதற்குள் நழுவி இறங்கியது, அரியணையின் பட்டு மெத்தையில் ஏறியது, முட்டையிட்டுவிட்டுக் குதித்து இறங்கியது. மன்னர் வந்தார். கம்பீரமாக அமர்ந்தார். சளக்!

காவலன் வாளில் கை வைத்தான். நான் யோசிப்பதற்குள் என் வாய் பேசிவிட்டது.

"மன்னர் மன்னா! ஊரில் எத்தனையோ வைக்கோல் கூடைகள் இருக்க, இந்தக் கோழி தங்கள் அரியணையைத் தேடி வந்து முட்டையிட்டிருக்கிறது. தங்கள் வம்சம் தழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சகுனம் உண்டோ!"

எங்கள் மன்னர் நல்லவர். புகழ்ச்சி என்றால் மட்டும் கொஞ்சம் இளகிவிடுவார். ஈரமான பட்டு வேட்டியோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்று முதல் இது அரசவைக் கோழி. நாம் எதை உண்கிறோமோ, அதையே இதுவும் உண்ணட்டும். முரசறையுங்கள்!"

முரசறைந்த ஆணையை மன்னரே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. அது எங்கள் நாட்டு வழக்கம்.

மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"கோழி எங்கேங்க?" என்றாள் அங்காயி.

"அரண்மனையில. இனிமே அதுக்கு ராஜபோகம்! இப்பவாவது சொல்லு, என்னைக் கட்டிக்கிட்டதுல உனக்குப் பெருமைதானே?"

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுவரும் கேள்வி அது. அவள் நேராகப் பதில் சொன்னதே இல்லை.

"ராசா ஊறுகா சாப்பிடுவாரா?" என்றாள்.

"வகை வகையா!"

"உப்புக்கண்டம், அப்பளம்?"

"பின்னே?"

"அவ்வளவு உப்பைக் கோழி தாங்காதுங்க." என் மார்பும் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

அவள் சொன்னபடியே ஆயிற்று. மன்னர் இலைக்குப் பக்கத்தில் கோழிக்கும் ஓர் இலை. அதில் மாவடு, உப்புக்கண்டம், பொரித்த அப்பளம், நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல். முதல் நாள் பொட்டுக்காரி ஆசையாகக் கொத்தியது. பிறகு தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை. கழிச்சல் கண்டது. இறகைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடி நின்றது. கொண்டை வெளுத்துவிட்டது.

மந்திரி சொக்கப்பருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. விடுவாரா? மன்னர் முன் கைகட்டி நின்றார்.

"மன்னா, நல்ல சகுனம் என்று விகடகவி சொன்ன கோழி செத்துப்போனால், அது அரியணைக்கே கெட்ட சகுனம் அல்லவா?"

"உண்மைதான். கோழி செத்தால் வெண்காடன் இந்த நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார் மன்னர்.

"அப்படியானால் அதற்குத் தவிடும் நொய்யரிசியும் போட உத்தரவு தாருங்கள், மன்னா" என்றேன்.

சொக்கப்பர் குறுக்கே வந்தார். "ஆணையை மீறினால் சிறை, விகடகவியாரே! மன்னர் இலையும் கோழி இலையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இனிப் பரிமாறும் பொறுப்பும் உம்முடையதே. ஒரு பருக்கை மாறினாலும் விடமாட்டேன்."

"இரண்டு இலையும் ஒன்றுபோல இருந்தால் போதுமா?"

"போதும், போதும்."

அவர் என்னைப் பிடிக்கப் பொறி வைத்தார். அந்தப் பொறியிலேயே வெளியேறும் கதவை நான் பார்த்துவிட்டேன்.

மறுநாள் மதியம் மன்னருக்கு இலை போட்டேன். உப்பில்லாமல் குழைய வெந்த நொய்ச்சோறு. ஊறவைத்த கம்பு. பச்சையாகவே பொடியாக அரிந்த முருங்கைக்கீரை. வெள்ளரித் துண்டு, விதையோடு பூசணி. ஓரத்தில் ஈரத் தவிடு ஓர் உருண்டை. எல்லாம் அங்காயி கொல்லையில் தினமும் போடுவதுதான். பக்கத்து இலையில் அதே வரிசையில் பொட்டுக்காரிக்கும் வைத்தேன். அது கண்ணைத் திறந்தது. தள்ளாடி வந்து கம்பைக் கொத்தியது.

மன்னர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது என்ன?"

"தங்கள் ஆணை, மன்னா. தாங்கள் உண்பதையே கோழி உண்கிறது. எந்த இலையைப் பார்த்து எந்த இலையைப் போடுவது என்று முரசில் சொல்லவில்லை."

"ஊறுகாய் எங்கே?"

"கோழிக்கு உப்பு ஆகாது."

"நாக்குக்கு உறைப்பாக ஏதாவது?"

"தாராளமாக! மிளகாய் கோழிக்கு உறைக்காது."

இரண்டு இலையிலும் ஒவ்வொரு பழுத்த மிளகாய் வைத்தேன். பொட்டுக்காரி விதையோடு விழுங்கிவிட்டு மன்னரை நிமிர்ந்து பார்த்தது. ஒரு கோழியிடம் தோற்பதா? மன்னரும் கடித்தார். கண்ணில் நீர் கொட்டியது. இருந்தாலும் துப்பவில்லை. அதற்காகவே எனக்கு எங்கள் மன்னரைப் பிடிக்கும்.

"நாளைக்கும்... இதேதானா?" என்றார் மூச்சிரைக்க.

"நாளைக்கு விசேஷம், மன்னா." தோட்டத்தைக் காட்டினேன். சாணமும் வைக்கோலும் அடைத்த பானை ஒன்று அங்கே கவிழ்ந்து கிடந்தது.

"அது எதற்கு?"

"கரையான் பிடிக்க. விடிந்தால் பானை நிறைந்திருக்கும். கோழிக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது."

மன்னரின் மீசை துடித்தது. போச்சு, தலை போச்சு என்று நினைத்தேன். மறுகணம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிளகாய்க் காரம் மூக்கில் ஏறிய பிறகும் சிரித்தார்.

"மன்னா, முரசறைந்த ஆணையை மாற்ற முடியாதே!" என்றார் சொக்கப்பர்.

"மாற்றவில்லை மந்திரியாரே. அரசவைக் கோழிக்குப் பதவியிலிருந்து ஓய்வு கொடுக்கிறோம். இனி அது வெண்காடன் வீட்டுக் கோழி. அது எதைத் தின்றால் நமக்கென்ன?" மன்னர் எழுந்தார். "ஆனால் பரிமாறிய இலை வீணாகக் கூடாது. நீர் உட்காரும்!"

சொக்கப்பர் தவிட்டு உருண்டையை விழுங்கிய அழகைச் சபையே நின்று பார்த்தது.

மன்னர் தம் கழுத்து முத்துமாலையை எனக்குப் போட்டார். கோழியை இடுக்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியெல்லாம் பொட்டுக்காரி அந்த முத்துக்களைச் சோளம் என்று கொத்திக்கொண்டே வந்தது.

சில நாளில் அதன் கொண்டை பழையபடி சிவந்தது. ஒரு காலையில் வைக்கோல் கூடையில் முட்டை கிடந்தது. அங்காயி அதைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். நான் மெல்லப் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னைக் கட்டிக்கிட்டதுல உனக்குப் பெருமையா, இல்லையா?"

"நெசமாவே ராசாவுக்குக் கரையான் போட்டிருப்பீங்களா?"

"பொட்டுக்காரியைக் காப்பாத்த வேற வழியில்லேன்னா, போட்டிருப்பேன்."

அங்காயி என்னை நேராகப் பார்த்தாள்.

"பெருமைதான்" என்றாள்.