குருதை நின்ற இடம்

மதுரைப் பக்கத்து ஜமீன் ஒன்றில் ஒச்சப்பன் குதிரைக்காரன். குதிரையைக் குருதை என்பான், மதுரையை மருதை என்பான். ஊரே அப்படித்தான் பேசியது. புதிதாக இலக்கணம் படித்த ஜமீன்தாருக்கு மட்டும் அது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது.

“இனி எழுத்தை இடம் மாற்றிப் பேசுகிறவன் எவனாக இருந்தாலும் அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும்” என்றார்.

“உத்தரவு சாமி” என்றான் ஒச்சப்பன்.

திருவிழாவன்று சரிகைத் தலைப்பாகையோடு ஜமீன்தார் குதிரையேறினார். வேட்டுச் சத்தத்தில் அது மிரண்டு தெப்பக்குளத்தைப் பார்த்துப் பாய்ந்தது.

“குதிரையே, நில்” என்று செந்தமிழில் கெஞ்சினார். அது காதைக்கூட ஆட்டவில்லை.

“கூப்பிட்டு நிறுத்துடா” என்று, கூடவே ஓடிவந்த ஒச்சப்பனிடம் கத்தினார்.

“அதுக்குத் தெரிஞ்ச பேரைச் சொன்னா என் பொழப்புப் போயிரும் சாமி. புதுப் பேரை இனிமேத்தான் பழக்கணும்.”

குளத்துப் படிக்கட்டு நெருங்கிவிட்டது. ஊரே கேட்க அலறினார் ஜமீன்தார்: “டேய், குருதையை நிறுத்துடா!”

பழகிய பேரைக் கேட்டதும் குதிரை சட்டென்று நின்றது. ஜமீன்தார் நிற்கவில்லை.

தண்ணீருக்கு மேலே தலை தெரியும்வரை காத்திருந்துவிட்டு, ஒச்சப்பன் கைகட்டிக் கேட்டான்.

“அரமனையை விட்டு இப்ப யாரு சாமி போகணும்?”