ரெண்டு இழுப்பு

கஸ்பாருக்கு இடது காது போயி மூணு மாசமாச்சு. காரணம் இசக்கி.

கஸ்பார் சங்கு குளிக்கிறவரு, கடலடியில முங்கிச் சங்கு எடுக்கிற தொழில். ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல வேதபாடம் சொல்லிக்கொடுப்பாரு. இசக்கி, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஞானஸ்நானத்துக்காக அவருகிட்ட படிச்சிட்டிருந்தான். கடல்ல அவரு முங்கும்போது, படகுல இருக்கிற கம்ப்ரசர்லேருந்து அவருக்குக் காத்துக்குழாய் பிடிக்கிறதும் அவன்தான். அன்னைக்குப் போன் பேசிட்டே, குழாய் மடங்கினதக் கவனிக்கல. கஸ்பார் மூச்சு முட்டி ஒரே உந்தா மேல வந்தாரு. காதுல ரத்தம்.

இன்னைக்குத்தான் மறுபடி படகேறியிருக்காரு.

"இவன் குழாயப் பிடிச்சா இனி எவனும் இறங்கமாட்டான்," படகுக்காரர் ரெமிஜியூஸ் சொன்னாரு. "கரைக்குப் போனதும் வேற தொழில் பாக்கட்டும்."

"சரிதான்," சொன்னான் இசக்கி. "எனக்கு ஞானஸ்நானமும் வேண்டாம்ணே."

"இந்தப் பக்கமா வந்து சொல்லுலே. அது செத்த காது."

இசக்கி வலது பக்கம் வந்தான்.

"தப்பு பண்ணது நான். இன்னொருத்தர் சிலுவையில செத்தா அது எப்படித் தீரும்? நான் குழாய் இல்லாம முங்குறேன். என் காதும் போகட்டும்."

"உன் காது போனா எனக்குக் கேக்குமா?"

"கேக்காது."

"பிறகு ஒரே படகுல ரெண்டு செவிடன் எதுக்கு?"

ரெமிஜியூஸ் சிரிச்சிட்டாரு. இசக்கி சிரிக்கல.

"அப்போ யாருதான் அண்ணே அனுபவிக்கிறது?"

கஸ்பார் சட்டையக் கழட்டுனாரு. இடுப்புல கயித்தக் கட்டுனாரு.

"யோவ், இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?" ரெமிஜியூஸ் எந்திரிச்சிட்டாரு.

கஸ்பார் கயித்தோட மறுமுனைய இசக்கி கையில வச்சாரு.

"வேண்டாம்ணே. என்கிட்ட தராதீங்க."

"பிடிலே. போன் மட்டும் எடுக்காத. ஒரு இழுப்புன்னா?"

"நல்லா இருக்கேன்."

"ரெண்டு?"

"இன்னும் குழாய் விடு, ஆழமாப் போறேன்."

"மூணு?"

"மேல ஏறணும்."

குழாயப் பல்லுல கடிச்சிட்டுக் குதிச்சிட்டாரு.

இசக்கி குழாயக் கொஞ்சம் கொஞ்சமா விட்டான். நாலு பாகம், அதாவது நாலு ஆளு ஆழம். ஆறு பாகம். அதுக்கப்புறம் கயிறு அசையல. கம்ப்ரசர் சத்தம் மட்டும் ஓடிட்டிருந்துச்சு.

"என்னாச்சுலே?"

இசக்கி கயித்த மூணு தடவ இழுத்தான். மேல வாங்கண்ணே.

ஒண்ணுமில்ல.

திரும்பவும் மூணு.

கொஞ்ச நேரம் கழிச்சு அடியிலேருந்து பதில் வந்துச்சு.

ரெண்டு இழுப்பு.